கப்பலுக்கும் கரைக்கும் நடுவே: சக்கர நாற்காலியில் மட்டாஞ்சேரி

கொச்சிக்குச் சொகுசுக் கப்பல்கள் வரும் பருவம், மழை ஓய்ந்த பின் அக்டோபர், நவம்பரில் தொடங்கி மறுபடி வானம் கறுக்கும் வரை நீள்கிறது. உலகைச் சுற்றிவரும் கப்பல்கள் உண்டு. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே செல்பவை உண்டு. மும்பையிலிருந்து உள்நாட்டுப் பயணிகளை ஏற்றி வருபவையும் உண்டு. பயணிகளில் கணிசமானோர் ஓய்வுபெற்ற முதியவர்கள் என்பதால் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் காதுக்கருவியும் இந்தக் கப்பல்களில் அபூர்வப் பொருள்கள் அல்ல. கப்பல் பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும். அந்த ஒரு பகலுக்குள் பலரும் பார்க்க நினைப்பது ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகளையும், அதையொட்டிய மட்டாஞ்சேரியின் அரண்மனை, யூதர் தெரு, ஜெபாலயம், மசாலாக் கிடங்குகளையும்தான். நடக்க இயலாத, பார்வையற்ற, காது கேளாத ஒருவருக்கு இந்தப் பகல் எந்த அளவுக்குக் கைகூடும் என்பது கப்பலின் ஆடம்பரத்தைப் பொறுத்ததல்ல. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே உள்ள சில அடி தூரத்தையும், கரையேறிய பின் எதிர்ப்படும் படிக்கட்டுகளையும் பொறுத்தது. இந்த இரண்டில் முதலாவதைக் கொச்சி பெரும்பாலும் தீர்த்துவிட்டது. இரண்டாவது அப்படியே கிடக்கிறது.

முதலில் கப்பலின் உள்ளே. புதிய பெரிய கப்பல்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே சில அறைகள் ஒதுக்கப்படுகின்றன. கதவு அகலமாக இருக்கும். சக்கர நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வெற்றிடம் விட்டிருப்பார்கள். குளியலறையில் வாசல் விளிம்பு இல்லாமல் நாற்காலியோடு உள்ளே போகலாம். மடக்கு இருக்கையும் கைப்பிடிகளும் சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். காது கேளாதவருக்குக் கதவு தட்டினால் மின்னும் விளக்கும், அபாயச் சங்கு ஒலித்தால் தலையணைக்கடியில் அதிரும் கருவியும் கேட்டால் கிடைக்கும். லிஃப்ட் பொத்தான்களில் பிரெய்ல் எழுத்து, நீச்சல் குளத்தில் இறக்கிவிடும் இருக்கை என்று பட்டியல் நீளும். ஆனால் மொத்த அறைகளில் இவை மிகச் சிறிய பங்கே. முன்கூட்டியே தீர்ந்துபோகும்; தேவை இல்லாதவர்கள் விசாலமாக இருக்கிறதென்று பதிவு செய்துவிடுவதும் நடக்கிறது. பழைய கப்பல்களில் நிலைமை இன்னும் குறுகல். 2021 முதல் மும்பையிலிருந்து ஓடும் கோர்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990இல் கட்டப்பட்டு முன்பு வேறு நிறுவனங்களிடம் ஓடிய கப்பல். 2004இல் கடலுக்கு வந்த, 345 மீட்டர் நீளமுள்ள குயின் மேரி 2 போன்றதோடு அதை ஒப்பிடக் கூடாது. அந்த நாள் கப்பல்களின் கதவுகளில், தண்ணீர் உள்ளே பாயாமல் தடுக்க வாசலில் உயர்த்திய இரும்பு விளிம்பு இருக்கும். கடலோடிக்கு அது பாதுகாப்பு. சக்கர நாற்காலிக்கு அதுவே சுவர்.

இந்த வசதிகள் கப்பல் நிறுவனங்களின் தாராள மனத்தால் மட்டும் வந்தவை அல்ல. வழக்காடிப் பெற்றவை. அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து நார்வீஜியன் குரூஸ் லைன் கப்பல்களில் பயணம் செய்த மாற்றுத்திறனாளிகள் சிலர், தங்களிடம் கூடுதல் கட்டணம் கேட்கப்பட்டதாகவும், அறைகளும் ஆபத்துக்கால வெளியேற்ற ஏற்பாடுகளும் தங்களுக்கு எட்டாதவையாக இருந்ததாகவும் வழக்குத் தொடர்ந்தார்கள். கப்பல்கள் பஹாமாஸ் கொடியில் ஓடுவதால் 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் செல்லாது என்பது எதிர்வாதம். 2005 ஜூனில் ஸ்பெக்டர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அமெரிக்கத் துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தும் என்றது. கூடவே ஒரு வரம்பையும் வைத்தது: கப்பலின் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகளோடு மோதும் மாற்றங்களைக் கேட்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 டிசம்பரிலிருந்து ஒரு தனி விதி நடப்பில் இருக்கிறது. மாற்றுத்திறனாளி என்ற காரணத்துக்காகப் பயணச்சீட்டு மறுக்கக் கூடாது, துறைமுகத்திலும் கப்பலிலும் உதவிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, சக்கர நாற்காலி தொலைந்தாலோ உடைந்தாலோ ஈடு தரவேண்டும் என்கிறது அது. இதற்கெல்லாம் முன்னதாகவே, 1996இல், சர்வதேசக் கடல்சார் அமைப்பு முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் மனத்தில் கொண்டு பயணிகள் கப்பலை எப்படி வடிவமைப்பது, எப்படி நடத்துவது என்று ஒரு பரிந்துரை வெளியிட்டது. பரிந்துரைதான், கட்டளை அல்ல. பரிந்துரைகளின் தலையெழுத்து எப்படியிருக்கும் என்று இந்தியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடல் பாதுகாப்பு உடன்படிக்கையான சோலாஸ் ஒரு காரியத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆபத்து வேளையில் தனக்குத் தனி உதவி வேண்டும் என்று எந்தப் பயணி தெரிவிக்கிறாரோ அவருடைய விவரம் பதிவு செய்யப்பட்டு, கப்பல் புறப்படுமுன் கேப்டனிடம் போய்ச் சேர வேண்டும். தீப்பிடித்தால் லிஃப்டுகளை நம்ப முடியாது. பதினோராவது தளத்தில் இருக்கும் ஒருவரை உயிர்ப்படகு இருக்கும் தளத்துக்குப் படிவழியே இறக்கும் நாற்காலியும், அதைக் கையாளப் பழகிய ஊழியரும் எங்கே நிற்பார்கள் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவாகிறது. ‘எனக்கு உதவி வேண்டாம், சமாளித்துக்கொள்வேன்’ என்று வெட்கப்பட்டு விவரத்தை மறைப்பவர் தம் உயிரோடு விளையாடுகிறார். மின்சக்கர நாற்காலியை இரவில் நடைக்கூடத்தில் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். புகை சூழ்ந்த இருட்டில் அது மற்றவர்களின் வழியை அடைக்கும்.

இனி இறங்குதல். ஒரு துறைமுகத்தில் கப்பல் கரையோடு அணைந்து நிற்கிறதா, நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்புகிறதா என்பதே நடக்க இயலாதவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இந்தச் சிறு படகை டெண்டர் என்கிறார்கள். கப்பலின் பக்கக் கதவுக்கு வெளியே அலையில் ஏறி இறங்கும் படகுக்குள் சரியான நொடி பார்த்துக் கால்வைக்க வேண்டும். கால் இல்லாதவருக்கு அந்த நொடி வருவதே இல்லை. மின்சக்கர நாற்காலியின் எடை நூறு கிலோவைக்கூடத் தாண்டலாம். அதை அலைக்கு நடுவே தூக்கி வைக்க எந்த ஊழியரும் துணிய மாட்டார். அலை அதிகமாக இருந்தால் இறங்க அனுமதியில்லை என்ற நிபந்தனையைப் பயணச்சீட்டிலேயே பல நிறுவனங்கள் அச்சிட்டுவிடுகின்றன. ஹாலந்து அமெரிக்கா நிறுவனம் நாற்காலியோடு டெண்டருக்கு மாற்றும் தூக்கி ஒன்றைப் பல கப்பல்களில் வைத்திருக்கிறது. 2018இல் வந்த செலிப்ரிட்டி எட்ஜ் கப்பலின் பக்கவாட்டில் மேலும் கீழும் நகரும் மேடை ஒன்று, கடல்மட்டத்துக்கு அருகில் இறங்கி டெண்டர் துறையாக மாறுகிறது. இவை விதிவிலக்குகள்.

ஒரு காலத்தில் நம் கடற்கரைத் துறைகள் பலவும் டெண்டர் துறைகளாகவே இருந்தன என்பது மறந்துபோயிற்று. சென்னையில் துறைமுகம் கட்டுமுன், கப்பலிலிருந்து மசூலாப் படகில் இறங்கி, நுரைக்கும் அலைகளைத் தாண்டி, கடைசிச் சில அடிகளைப் படகோட்டிகளின் தோளில் உட்கார்ந்தபடி கடந்துதான் கவர்னரும் கரையேறினார். திடமான காலுள்ளவரையும் தூக்கி வைத்தார்கள். அதை யாரும் ஊனம் என்று சொல்லவில்லை. கொச்சியின் கழிமுகத்தை ஒரு மணல்திட்டு மறித்துக் கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நின்றன. ஆளும் சரக்கும் வள்ளங்களில் போய்வந்தன. 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டி வழி திறந்தார். தோண்டிய மணலைக் கொட்டி எழுப்பிய தீவுக்கு வில்லிங்டன் பெயர் சூட்டப்பட்டது. 1928 மே மாதம் பத்மா என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தீவின் ஒருபுறம் எர்ணாகுளம் கால்வாய், மறுபுறம் மட்டாஞ்சேரிக் கால்வாய். இரு புறமும் கப்பல் அணையும் துறைகள். சக்கர நாற்காலியை நினைத்து பிரிஸ்டோ அதைச் செய்யவில்லை. ஆனால் இன்று கொச்சியில் நாற்காலிப் பயணி கப்பலிலிருந்து நேரே கரையில் இறங்க முடிவதற்கு அந்த வேலைதான் அடித்தளம்.

எதிர்மாறான காட்சியைக் காண நெடுந்தொலைவு போக வேண்டாம். கொச்சியிலிருந்து புறப்படும் லட்சத்தீவுப் பயணங்களில், சொகுசுக் கப்பலானாலும் அரசின் பயணிகள் கப்பலானாலும், பவளத்திட்டுக்கு வெளியே நின்று பயணிகளைச் சிறு படகுகளுக்கு மாற்றி அனுப்புவதே பெரும்பாலும் வழக்கம். சுற்றுலாப் பயணிக்கு அது ஒரு நாளின் ஏமாற்றம், மேல்தளத்தில் உட்கார்ந்து நீலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தீவுவாசிக்கோ கொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதே அந்தப் படகைத் தாண்டித்தான். மிகவும் முடியாதவரை ஹெலிகாப்டரில் கொண்டுவருகிறார்கள். தமிழ்நாட்டில் கன்னியாகுமரியும் இதே கதைதான். விவேகானந்தர் பாறைக்குப் படகில் ஏறி இறங்குவது வயதானவர்களுக்குச் சோதனை. 2024 டிசம்பர் இறுதியில் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. சிலைக்குப் போக இரண்டாவது முறை படகு பிடிக்கும் தேவையை அது நீக்கியது. முதல் படகு அப்படியே இருக்கிறது.

கரையோடு அணைந்து நின்றால் மட்டும் போதாது. கப்பலின் பக்கக் கதவுக்கும் துறைமேடைக்கும் நடுவே கேங்வே எனப்படும் ஏறுபாலம் போடப்படுகிறது. அதன் சரிவைத் தீர்மானிப்பது கடலின் ஏற்றவற்றம். இங்கே கொச்சிக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. மும்பையில் பெரிய ஓதங்களின்போது நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். கொச்சியில் சுமார் ஒரு மீட்டர்தான். இந்தியாவின் அணுகல் வழிகாட்டி நெறிகள் சாய்தளத்துக்குச் சொல்லும் கணக்கு 1:12. அதாவது ஒரு மீட்டர் உயரத்தைக் கடக்க 12 மீட்டர் நீளம். அதே கணக்கில் நான்கு மீட்டருக்கு ஏறத்தாழ 50 மீட்டர் பாலம் வேண்டும். அவ்வளவு நீளத்துக்குத் துறைமேடையில் இடம் ஏது? கொச்சியின் சிறு ஓதத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஏற்றவற்றம் பெரிதான துறைகளில் காலையில் இறங்கிய சரிவு மாலையில் நாற்காலி ஏற முடியாத செங்குத்தாக மாறிவிடலாம். கொச்சியில் காலையில் இறங்கிய வழியிலேயே மாலையில் ஏறலாம். ஆனாலும் கப்பல் எந்தத் தளத்துக் கதவைத் திறக்கிறது, பாலத்தில் படிகள் உள்ளனவா, பலகையா என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். சரிவு அதிகமென்றால் நாற்காலியைத் தள்ள ஊழியர்கள் மறுக்கலாம். மறுப்பது விதிப்படி சரியும்கூட.

முன்பு கொச்சியில் 260 மீட்டர் வரை நீளமுள்ள கப்பல்களே பி.டி.பி. துறையில் நிற்க முடிந்தது. அதைவிட நீளமானவை சரக்குகளுக்கு நடுவே இடம் தேடின. எர்ணாகுளம் துறையில் 25.72 கோடி ரூபாயில் கட்டப்பட்ட சாகரிகா என்னும் சர்வதேசக் கப்பல் பயணிகள் முனையத்தை 2021 பிப்ரவரி 14 அன்று பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். 420 மீட்டர் வரை நீளமுள்ள கப்பலுக்கு அங்கே இடமுண்டு. குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் ஒரே தளத்தில் ஒரே கட்டடத்துக்குள் முடிந்துவிடுவது நாற்காலிப் பயணிக்குப் பெரிய விஷயம். கிரேனுக்கும் லாரிக்கும் நடுவே வெயிலில் உருண்டு போகும் வேலை இல்லை.

சொகுசு என்பதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், மாற்றுத்திறனாளிகளின் கடற்பயணத்தில் கொச்சி கண்ட மிகத் துணிச்சலான விருந்தாளி ஒரு பாய்மரக் கப்பல். லார்ட் நெல்சன் என்று அதற்குப் பெயர். 1978இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஜூபிலி செய்லிங் டிரஸ்ட், 1986இல் அதைக் கடலுக்கு அனுப்பியது. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து ஓட்டுவதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் அது. தளங்களுக்கு இடையே தூக்கிகள், அகலமான சமதளங்கள், பார்வையற்றவர் சுக்கான் பிடிக்கப் பேசும் திசைகாட்டி, கயிறு கட்டிச் சக்கர நாற்காலியோடு பாய்மரத்தில் ஏற்றிவிடும் ஏற்பாடு எல்லாம் இருந்தன. இங்கே மாற்றுத்திறனாளி விருந்தினர் அல்ல, மாலுமி. இரவுக் காவலும் பாத்திரம் கழுவுவதும் அவருக்கும் உண்டு. 2012 அக்டோபரில் உலகைச் சுற்றப் புறப்பட்ட அந்தக் கப்பல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சிக்கு வந்து, பின் சிங்கப்பூர் சென்றது. 2019இல் அது ஓய்வுபெற்றது. 2023 இறுதியில் பணமின்றி டிரஸ்டும் மூடப்பட்டது. நல்ல கப்பல்கள் நட்டத்தில் மூழ்குவது கடலில் மூழ்குவதைவிட அதிகம் நடக்கிறது.

முனையத்தைவிட்டு வெளியே வந்தால், மட்டாஞ்சேரி தீவின் மறுபுறக் கால்வாய்க்கு அப்பால் இருக்கிறது. சாலை வழியாகத் தோப்பும்படி பாலத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டர் போக வேண்டும். கப்பல் நிறுவனங்கள் ஏற்பாடு செய்யும் பேருந்துகளில் உயரமான படிகள் இருக்கும். நாற்காலியோடு ஏறும் வசதியுள்ள வண்டியை முன்னதாகச் சொல்லி வைத்தால் ஒழிய நம்ப முடியாது. டாக்சியில் போகலாம் என்றால் நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறத் தெரிந்தவராகவும், நாற்காலி மடங்குவதாகவும் இருக்க வேண்டும். நீர்வழியிலோ, பல பத்தாண்டுகளாக இருந்தது மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு. கொச்சிக்காரர்களின் அன்றாடம் அது. விலை மலிவு, காற்று நல்லது. ஆனால் ஜெட்டியின் படியிலிருந்து படகின் விளிம்புக்குத் தாவ வேண்டும். மட்டாஞ்சேரி ஜெட்டியில் சேறு படிந்து படகே வராமல் போன காலமும் உண்டு.

இந்த இடத்தில்தான் கொச்சி ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ சுற்றுலாப் பயணிக்காகத் திட்டமிடப்பட்டதல்ல. தீவுகளில் வாழ்பவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போவதற்காக. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனோடு, 1,136.83 கோடி ரூபாய் மதிப்பில், பத்துத் தீவுகளை 38 முனையங்களாலும் 78 மின்படகுகளாலும் இணைப்பது திட்டம். படகுகளைக் கட்டுவது கொச்சிக் கப்பல் கட்டும் தளம். நூறு பேர் ஏறும் இரட்டை உடல் படகு அது, குளிரூட்டப்பட்டது, சில நிமிடங்களில் மின்னேற்றம் செய்துகொள்ளும். ஆனால் மாற்றுத்திறனாளிக்கு முக்கியமானது படகல்ல, படகு அணையும் மேடை. பழைய ஜெட்டி கான்கிரீட்டில் அசையாமல் நிற்கும். படகோ ஓதத்துக்கும் ஏறும் ஆட்களின் பாரத்துக்கும் ஏற்ப உயர்ந்து தாழும். இரண்டுக்கும் நடுவே ஒரு படியளவோ இரண்டு படியளவோ இடைவெளி எப்போதும் இருக்கும். வாட்டர் மெட்ரோவில் ஜெட்டிக்குப் பதில் மிதவை மேடை. படகு மிதக்கும் அதே நீரில் மேடையும் மிதப்பதால் இரண்டின் தரைமட்டமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ஏற்றவற்றத்தின் சரிவு முழுவதையும் கரைக்கும் மிதவைக்கும் நடுவே உள்ள கீல்பாலம் வாங்கிக்கொள்கிறது. ஒரு மீட்டர் ஓதத்துக்கு அந்தப் பாலம் நெடுநீளமாக இருக்க வேண்டியதில்லை என்பது மேலே பார்த்த கணக்கு. சக்கர நாற்காலி, குழந்தை வண்டி, சைக்கிள், மூட்டுவலிக்காரப் பாட்டி, எல்லாம் ஒரே வழியில் உருண்டோ நடந்தோ படகுக்குள் போகலாம். தனிக்கதவு இல்லை, தூக்குவதற்கு ஆள் இல்லை, யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய்.

ஃபோர்ட் கொச்சி முனையம் 2024 ஏப்ரலில் திறந்தது. மட்டாஞ்சேரி முனையமும் வில்லிங்டன் தீவு முனையமும் 2025 அக்டோபரில் முதலமைச்சர் பினராயி விஜயன் கையால் திறக்கப்பட்டன. கப்பல் நிற்கும் தீவிலிருந்து மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பக்கத்திலேயே தண்ணீர் வழியாக இறங்கும் வழி இப்படிப் பிறந்தது. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் கப்பல் தன் பயணிக்கு உறுதி தர முடியாத ஒன்றை இருபது ரூபாய்ப் படகு தருகிறது என்பதைக் கப்பல் நிறுவனங்கள் தங்கள் சுற்றுலாக் கையேட்டில் சேர்த்துக்கொள்ளலாம். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே 2018 முதல் ஓடும் சேதுசாகர் ரோ-ரோ படகுகளும் இந்த வகையில் உதவுகின்றன. கார் உருண்டு ஏறும் பலகையில் நாற்காலியும் உருண்டு ஏறலாம். ஆனால் லாரிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

மட்டாஞ்சேரியில் இறங்கியதும் முதலில் வருவது அரண்மனை. டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைத்துவிட்டாலும் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். 1555 வாக்கில் அதைக் கட்டிக் கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்து விரிவாக்கினார்கள். நடுவில் முற்றமும் கோயிலும், சுற்றிலும் கட்டுமாக நாலுகெட்டு அமைப்பு. இதன் புகழுக்குக் காரணமான சுவரோவியங்களில் பெரும்பகுதி மேல்தளத்தில் உள்ளது. பள்ளியறையின் சுவர் முழுவதும் ராமாயணம். காவியும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு விரற்கடை இடமும் வெறுமையாக விடாமல் வரைந்த சுவர்கள் அவை. அதே தளத்தில் கொச்சி அரசர்களின் உருவப்படங்கள், வாள்கள், உடைகள், யானைத்தந்தப் பல்லக்கு. மேலே போகப் படிக்கட்டுதான் வழி. ஆள்கள் சுமந்து சென்ற பல்லக்கைப் பார்க்க, நடக்க முடியாதவரையும் ஆள்கள் சுமந்து சென்றால்தான் உண்டு. தூக்குவதற்கு மனமுள்ளவர்கள் மட்டாஞ்சேரியில் கிடைப்பார்கள். அது அவர்களுடைய நல்ல குணம். ஆனால் பழைய மரப்படியில் நாற்காலியோடு ஆளைத் தூக்குவது இருவருக்கும் ஆபத்து, தூக்கப்படுபவருக்கு மானக்கேடு. மின்சக்கர நாற்காலியானால் அந்த வழியும் இல்லை.

அரண்மனைக்குத் தெற்கே யூதர் தெரு. தெரு சமதளம், வண்டிப் போக்குவரத்து குறைவு, நாற்காலி உருளத் தோதான இடம். இருபுறமும் பழம்பொருள் கடைகள். கடை வாசலில் ஓரிரு படிகள் குறுக்கிட்டாலும், காஷ்மீரத்திலிருந்து வந்து கடை வைத்திருப்பவர்கள் சால்வையைத் தெருவுக்கே கொண்டுவந்து விரித்துவிடுவார்கள்; வியாபாரத்துக்குத் தடையில்லை. தெருக்கோடியில் 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயம். அதன் மணிக்கூண்டு 1760ஐச் சேர்ந்தது. தரையில் சீனாவிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் வந்த நீலம் தீட்டிய ஓடுகள். ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. அவற்றைக் காக்கும் பொருட்டுக் காலணியைக் கழற்றச் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனால் காலிப்பர் அணிந்தவருக்குக் காலணியும் இரும்புப்பட்டையும் ஒரே பொருள்; கழற்றினால் நிற்க முடியாது. சக்கர நாற்காலியின் சக்கரத்தைக் கழற்ற முடியாது. காலிப்பருக்கு மேலே அணியும் துணியுறை, சக்கரத்தைத் துடைக்க ஈரத்துணி என்று எளிய வழிகள் உள்ளன. கோயில்களிலும் மசூதிகளிலும் இதே கேள்வி எழுவதால் இதற்குப் பொதுவான நடைமுறை ஒன்றை வகுப்பது நல்லது. வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமையும் ஜெபாலயம் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். அந்த நாளில் வரும் கப்பலுக்கு இதுவும் ஒரு தடைதான், எல்லாருக்கும் சமமான தடை.

பார்வையற்ற பயணிக்கு மட்டாஞ்சேரி அளவுக்கு நிறைவளிக்கும் ஊர்கள் குறைவு. பஜார் ரோட்டின் கிடங்குகளுக்கு முன் நின்றால் சுக்கு எங்கே, மிளகு எங்கே, ஏலம் எங்கே என்று மூக்கே வழிகாட்டும். மிளகின் முன்பேர வணிகம் நடந்த சங்கக் கட்டடம் யூதர் தெருப் பக்கம் இருக்கிறது. சாக்குகளைத் தொட்டுப் பார்க்க யாரும் தடுப்பதில்லை. அருங்காட்சியகப் பொருள்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைக்கும் நாட்டில் இது அருமையான விஷயம். ஆனால் அந்தத் தெருவில் கைவண்டியும் சிறு லாரியும் ஆட்டோவும் ஒரே நேரத்தில் வழி கேட்கும், நடைபாதை இல்லை, துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். ஃபோர்ட் கொச்சியின் வேளியில் உள்ள தோபிக் கானாவையும் கப்பல் பயணிகள் பார்க்கிறார்கள். டச்சுக்காரர் காலத்தில் வந்து குடியேறியதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் துணி துவைத்து, கயிற்று முறுக்கில் செருகிக் காயவைக்கும் வெளி அது. கல்லில் துணி அறையும் ஓசையும் நடுவே காதில் விழும் தமிழும் பார்வையற்ற தமிழருக்குத் தனிப் பரிசு.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், போக்குவரத்து என்பதன் வரையறையில் நீர்ப்போக்குவரத்தையும் சேர்த்திருக்கிறது. ஆனால் வசதிகள் எங்கெங்கே வேண்டும் என்று சொல்லும் 41ஆம் பிரிவு பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, துறைமுகத்தைப் பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறது. சட்டம் எழுதியவர்களின் கண்ணில் கப்பல் ஏறும் மாற்றுத்திறனாளி படவில்லை போலும். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் நெறிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதியைச் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளி, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய குரூஸ் பாரத் இயக்கம், 2029க்குள் கடல் உல்லாசப் பயணிகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கப் பார்க்கிறது. புதிய முனையங்கள் எழும் காலம் இது. கட்டும்போதே மிதவையும் சாய்தளமும் வைப்பது சுலபம். கட்டி முடித்தபின் இடித்துவிட்டு வைப்பதற்குத்தான் செலவும் சாக்குப்போக்கும் அதிகம்.

கட்டிய பின் காப்பதும் வேலைதான். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலைவரை போவதற்காக 1.14 கோடி ரூபாயில் 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. முதன்முறையாக நாற்காலியில் கடலருகே போனவர்களின் மகிழ்ச்சியைப் பத்திரிகைகள் படமாக வெளியிட்டன. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி பிய்ந்தது, பிறகு சீரமைத்தார்கள். மிதவை மேடைக்கும் இதே விதிதான். கீலில் துருவும் பலகையில் பாசியும் சேர்ந்தால் அந்தச் சமதளம் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நிற்காது.

மட்டாஞ்சேரி அரண்மனை பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். அதன் சுவரைத் துளைத்து லிஃப்ட் வைக்க யாரும் கேட்கப் போவதில்லை. வெளிப்புறத்தில் கட்டடத்தைத் தொடாமல் நிற்கும் தூக்கி ஒன்றை நிறுவ முடியுமா என்று தொல்லியல் துறை ஆராயலாம். அது முடியும்வரை மேல்தளச் சுவரோவியங்களின் முழு அளவுப் படங்களையும், விரலால் தடவி உணரும் புடைப்பு வடிவங்களையும் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் வைப்பதற்கு அனுமதியும் பெரிய செலவும் வேண்டியதில்லை.

கொச்சி வழியாகக் கப்பல் பயணம் போக நினைக்கும் மாற்றுத்திறனாளிகளும் அவர்களை அழைத்துச் செல்பவர்களும் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். எந்தெந்தத் துறையில் கப்பல் கரையணையும், எங்கே டெண்டர்? அறைக்கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், குளியலறை வாசலில் விளிம்பு உண்டா? கேங்வேயில் படி உண்டா? கரைச் சுற்றுலா வண்டியில் நாற்காலியோடு ஏற முடியுமா? ‘பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்ற வாய்வார்த்தை எந்தத் துறைமுகத்திலும் செல்லாது.